போர்வையை உருவும் உத்தியோகம்

பெரியவர்களைச் சிரிக்க வைப்பது ஒரு காரியமே இல்லை. மழைக்காலத்தில் அவர்களைப் போர்வைக்குள்ளிருந்து வெளியே எடுப்பதுதான் இந்தத் தொழிலில் பெரும்பாடு.

வீட்டில் வயசான அப்பா அம்மா இருக்கிற உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? தூத்துக்குடிக் குளிரில் ஊட்டிக்காரன் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுப்பான். ஆனால் எங்கள் முதியோர் பகல் மையத்தில் கார்த்திகை பிறந்து ரெண்டு தூறல் விழுந்தால் போதும், குரங்குக் குல்லாய், கம்பளி, காதில் பஞ்சு எல்லாம் வந்துவிடும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர்களைக் கொஞ்சமாவது அசைய வைப்பது என் வேலை. பாடம் ஒன்றும் நடத்துவதில்லை. ஆனாலும் அவர்களுக்கு நான் ‘டீச்சர்’.

மூச்சுப் பயிற்சி

சவேரி அண்ணாச்சி அந்தக் காலத்தில் கடலுக்குள் முங்கிச் சங்கு எடுத்தவர். வயசு எழுபத்தெட்டு. ஐப்பசி மழையில் வீட்டு வாசலில் வழுக்கி விழுந்தார். எலும்பெல்லாம் பத்திரம், பயம்தான் பிடித்துக்கொண்டது. “காலில் ஒரு கோளாறும் இல்லை” என்று டாக்டர் சொல்லியும் ஓர் எட்டு வைக்க மாட்டேன் என்கிறார். சக்கர நாற்காலிதான். மகள் வேலைக்குப் போகிறவள், மருமகன் துபாயில். “கிறிஸ்மஸுக்குள்ள அப்பா எந்திரிச்சு நடக்கலன்னா மதுரையில ஒரு ஹோம்ல சேத்துருவேன் டீச்சர், எனக்கு வேற வழி தெரியல” என்று சொல்லி அழுதாள்.

சின்னதாகத் தொடங்குவோம் என்று எல்லாருக்கும் மூச்சுப் பயிற்சி வைத்தேன். “இழுத்துப் பிடிங்க, நான் சொன்னதும் விடுங்க” என்றேன். அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பினால், மற்றவர்கள் எப்போதோ விட்டுவிட்டு ஊர்க்கதை பேசுகிறார்கள். அண்ணாச்சி மட்டும் கண்ணை மூடிக் கன்னம் உப்ப உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஓடிப்போய்த் தோளை உலுக்கினேன். நிதானமாக மூச்சை விட்டுவிட்டுச் சொன்னார்: “நீ விடச் சொல்லலியே, டீச்சர்.”

பலூன் ஆட்டம்

காயல்பட்டினத்து கதீஜா லாத்தா (அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), “தோள்பட்டை தூக்க முடியல” என்று ஒரு மாசமாக எந்தப் பயிற்சியும் செய்யாதவர். ஒருநாள் நல்ல மழை. நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, நடுவில் துணிக்கொடி கட்டி, பலூனை அடித்து விளையாட விட்டேன். எதிர்வரிசையில் ராயப்பன் அண்ணாச்சி. எண்பத்தொரு வயசு; முழங்கால் ரெண்டும் போயாச்சு, வாய் மட்டும் போகவில்லை. “லாத்தா பக்கமாப் போடுங்க, அங்கன ஆளே இல்ல” என்று சீண்டினார்.

வந்த பலூனை லாத்தா ஒரு சாத்து சாத்தியதில் ராயப்பன் அண்ணாச்சியின் மூக்குக்கண்ணாடி தரையில் கிடந்தது. சவேரி அண்ணாச்சி மடியிலேயே பலூன் வந்து விழுந்தது. அவர் கையைக்கூட எடுக்கவில்லை. அந்தக் கவலையிலும் லாத்தாவிடம் தோள் வலியைப் பற்றிக் கேட்டேன். “சும்மா தூக்கத்தான் வலிக்கும் டீச்சர், அடிக்க வலிக்காது.”

இடுப்பு பெல்ட்

டிசம்பர் பிறந்துவிட்டது. நடை பழக்கும்போது இடுப்பில் மாட்டிப் பிடித்துக்கொள்கிற பெல்ட் ஒன்றை சவேரி அண்ணாச்சிக்கு மாட்டினேன். “நான் பிடிச்சுக்கிடுதேன், தைரியமா எந்திரிங்க” என்றேன். பெல்ட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். “நீ நல்ல பிள்ளதான் டீச்சர், ஆனா இதப் பிடிக்கதுக்கு நீ எனக்கு யாரு?”

கயிறு

ரெண்டு நாள் எனக்கு மனசே சரியில்லை. விஷயத்தை விளக்கியவர் ராயப்பன் அண்ணாச்சி. கடலுக்குள் முங்குகிறவன் தன் இடுப்புக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பானாம். தங்கச்சி தாலிக்காக மச்சான் எந்த நேரத்திலும் கையை விட மாட்டான் என்ற நம்பிக்கை. சவேரி அண்ணாச்சியின் மனைவி இவருடைய சொந்தத் தங்கச்சி. படகில் இருந்து அத்தனை வருஷமும் கயிறு பிடித்தவர் இவரேதான். அந்தம்மா போன வருஷம் தவறியதிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு குறைந்துபோயிருந்தது.

துணிக்கொடியை அவிழ்த்து ஒரு முனையை பெல்ட்டில் கட்டினேன், மறுமுனையை ராயப்பன் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் எழுந்து நிற்க முடியாது; நாற்காலியில் இருந்தபடிதான் பிடித்தார். ஆள் விழுந்தால் அந்தப் பிடி ஒன்றுக்கும் உதவாது என்று நான் பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

சவேரி அண்ணாச்சி எழுந்துவிட்டார். நாலு எட்டு வைத்தார். அப்புறம் நின்று திரும்பி, “அவதான் போயிட்டாளே மச்சான், இனி நான் விழுந்தா ஒனக்கென்ன?” என்று கேட்டார். ராயப்பன் அண்ணாச்சி கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். “ஏலே மாப்ள, நீயும் போயிட்டன்னா அவளப் பத்திப் பேச எனக்கு யாருல இருக்கா? நட.”

பெரியவர்களை நடக்க வைக்கப் படித்துச் சான்றிதழ் வாங்கியவள் நான், சவேரி அண்ணாச்சியை மதுரைக்குப் போகாமல் காப்பாற்றியவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாத மச்சான், ஆனால் மகள் கொண்டுவந்த கிறிஸ்மஸ் கேக் மட்டும் முழுசாக எனக்கு.