பெரியப்பா வீட்டு சிங்க்

பெரியப்பா குழாய் வேலை செய்பவர். பெரியம்மா இறந்த சில மாதங்களில் அவர் வீட்டு சிங்க்கே நாற ஆரம்பித்தது.

"ஊரார் வீட்டு நாத்தமெல்லாம் போக்குறீங்க மாமா, உங்க வீட்டுக்கு வந்தா மூக்கப் பிடிக்க வேண்டியிருக்கே!" என்று அம்மா கேலி செய்தாள்.

"அழுக்கு அடைச்சிருக்கும்மா" என்றார். சோடா உப்பும் வினிகரும் போட்டு வெந்நீர் ஊற்றினார். சில வாரங்கள் வாடை அடங்கும், பிறகு திரும்பிவிடும்.

நேற்று அடியிலிருந்த வளைந்த குழாயைக் கழற்றினார். நான் கீழே வாளியைப் பிடித்திருந்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழவில்லை.

"அழுக்கே இல்லையே, பெரியப்பா?"

"வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணும்மா. அதுதான் சாக்கடைக் காத்து மேல வராம தடுக்கும். ஆள் புழங்காத வீட்லதான் அது காஞ்சு..."

வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போய்த் திரும்புகிறவர்களிடம் அவர் வழக்கமாகச் சொல்வது இது. பாதியில் நிறுத்திவிட்டார்.

தினமும் சமைத்துச் சாப்பிடுவதாகத்தான் எங்களிடம் சொல்லிவந்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். பெரியம்மா கடைசியாகக் கவிழ்த்து வைத்த பாத்திரங்கள் அப்படியே தூசி படிந்திருந்தன.

"என்ன சாப்பிடுறீங்க பெரியப்பா?"

அவர் குழாயை மாட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டார். வளைவு நிரம்பிய சத்தம் கேட்டது.

"அவ இருந்தவரைக்கும் இது காஞ்சதே இல்ல" என்றார்.

வளைவு நிரம்பிய பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கை குழாயின் மேலேயே இருந்தது. கடைசியில் நான்தான் மூடினேன்.