ஐஸ் பெட்டியில் இருந்த மருந்து

அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியை உள்ளங்கையில் வாங்கியபோது கல்லாக இருந்தது. மேலே மீன் செதில் ஒட்டியிருந்தது. உள்ளே இன்சுலின்.

பூம்புகார்ப் பக்கம் ஒரு மீனவர் குடியிருப்புக்கு நான் சுகாதாரச் செவிலியர். அங்கே ஒரு படகுக்காரர், ஏழு வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். எதற்காகப் போனார் என்று ஊரே சொல்லும், நான் கேட்டதில்லை. சர்க்கரை நோய் உள்ளே இருக்கும்போது வந்தது. அங்கே ஊசியை யாரோ போட்டுவிடுவார்கள், இவர் வரிசையில் போய் நின்றால் போதும். விடுதலையாகும்போது ஒரு மாத மருந்தும், 'குளிர்ச்சியாக வைக்கவும்' என்று ஒரு சீட்டும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பிறகு மருந்து எங்கள் சுகாதார நிலையத்தில்.

வாரம் தவறாமல் வருவார். சர்க்கரை இறங்கவே இல்லை. சிப்பி கிழித்த புண் ஆறாமல் வலது கால் பெருவிரல் கறுக்கத் தொடங்கியது. காலே போய்விடும் என்று டாக்டர் பயந்தார். "ஊசி போடுறீங்களா, இல்லையா?" என்று அதட்டுவேன். கையைக் கட்டிக்கொண்டு, "போடுறேன் சிஸ்டர்" என்பார். வேறு யாராக இருந்தாலும் நம்பியிருப்பேன். ஜெயிலுக்குப் போனவர் பொய்தானே சொல்வார் என்று என் மனம் முடிவு கட்டியிருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றுதான் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். ஃப்ரிட்ஜ் இல்லாத வீடு. அவர் மனைவி மீன் விற்கிறவர். "மருந்தா சிஸ்டர்? பத்திரமா இருக்கு" என்று மீன் பெட்டியைத் திறந்து, உப்புத் தூவிய ஐஸுக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். "ஒருநாள் விடாம போடுறாரு. கட்டியா இருக்கும்ல, உருகுற வரைக்கும் கைக்குள்ளயே வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு."

ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. மூன்று மாதமாக அவர் போட்டுக்கொண்டது வீணாய்ப் போன மருந்தைத்தான்.

கால் தப்பியது, விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கட்டு மாற்றும்போது, "ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். அவர் குரலில் கோபமே இல்லை. "போடுறீங்களான்னுதான் சிஸ்டர் கேட்டீங்க. எங்க வச்சிருக்கேன்னு கேக்கலையே."

இப்போது மருந்து, ஈர மணலில் புதைத்த மண்சட்டிக்குள் இருக்கிறது. போன வாரம் அந்தப் பக்கம் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே குப்பியை எடுத்து நீட்டி, "பாத்துக்குங்க சிஸ்டர்" என்றார். வேண்டாம், நம்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிச் சாய்த்துப் பார்த்தேன். மருந்து அசைந்தது. நான் பார்த்து முடிக்கும்வரை அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.