கை வைக்கலாம்

நிலக்கரி மின்நிலையத்தில் அவரை எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு குரல். பழுது பார்க்கும் முன் சுவிட்சை இழுத்து, சிவப்பு அட்டையை மாட்டி, "கை வைக்கலாம்!" என்று அவர் கத்தினால்தான் மற்றவர்கள் கம்பியைத் தொடுவார்கள். நிஜமாகவா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

நகரம் சூரிய மின்சாரத்துக்கு மாறியபோது மின்நிலையத்தை மூடினார்கள். காயப்போட்ட துணியில் கரி படிவதில்லை என்று அவர் மனைவிக்குச் சந்தோஷம். அவருக்குப் பயிற்சி கொடுத்து, கூரைப் பேனல்களைப் பராமரிக்கும் வேலையில் போட்டார்கள். துணைக்கு மனைவியின் தம்பியை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். வாய் ஓயாதவன்.

"அங்க கரியில கறுத்தீங்க, இங்க வெயில்ல கறுக்கறீங்க. எப்படியும் வெளுக்கப்போறதில்ல மாமா."

ஒருநாள் பள்ளிக்கூடக் கூரையில் இணைப்பு ஒன்று உருகிப்போயிருந்தது. அவர் கீழே சுவிட்சை இழுத்தார். அட்டையை மாட்டினார். மேலே இருந்த மச்சினனைப் பார்த்துக் கத்தினார்: "கை வைக்கலாம்!"

பேனல்மேல் வெயில் விழுந்துகொண்டிருக்கும்வரை அதிலிருந்து வரும் கம்பியில் மின்சாரம் இருக்கும். சுவிட்சால் அதை நிறுத்த முடியாது. பயிற்சியில் சொன்னார்கள், அவரும் தலையாட்டினார். ஆனால் சுவிட்சை இழுத்தால் முடிந்தது என்று அத்தனை வருஷம் பழகிய கை அது.

மச்சினனின் வலது உள்ளங்கை வெந்துபோயிற்று. இரண்டு விரல்கள் பிறகு சரியாக மடங்கவில்லை.

"உங்க வார்த்தைய நம்பித்தானே தொட்டான்?" என்றாள் மனைவி.

"ஆமா."

"நாளைக்கு அவன் மறுபடி வர்றேன்னு நின்னா, நான் என்ன சொல்லி அனுப்பறது?"



கட்டுப் பிரித்ததும் அவன் கூரைக்கு வந்துவிட்டான். "அக்கா போகாதேன்னுதான் சொன்னா. இந்தக் கைய வெச்சுக்கிட்டு வேற எங்க போறது?" சிரித்தான். ஆனால் கம்பியிலிருந்து தள்ளியே நின்றான்.

அவர் பேனல்களைத் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரங்களில் கல் வைத்தார். கம்பியில் மீட்டரை வைத்தார். பூஜ்யம். கழற்றி, மறுபடி வைத்துப் பார்த்தார்.

"என்ன மாமா, வெண்கலம் விரிசல் விட்டுடுச்சா? சொல்லுங்க."

வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கையுறைகளைக் கழற்றிவிட்டு, கம்பியின் இரண்டு முனைகளையும் தானே பிடித்தார். பிடித்தபடியே நின்றார்.

மச்சினன் கம்பியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து, பழகாத இடது கையால் குறடை எடுத்தான்.