யாழ்ப்பாணத்து வேம்பும் பாரிஸ்டரின் நீச்சல் குளமும்

செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் காலை ஏழு மணிக்கு என் முதலாளி தண்ணீரில் சிறைப்படுவார். மயிலாப்பூரில் பெயர் பெற்ற பாரிஸ்டர் அவர். கோர்ட்டில் எழுந்து நின்றால் எதிர்க்கட்சி வக்கீலுக்கு நாக்கு வறண்டுவிடும். அப்படிப்பட்டவர், வீட்டுக் கொல்லையில் தாமே ஆசையாகக் கட்டிய ஸ்விம்மிங் பூலில் கழுத்தளவு தண்ணீரில் மூச்சுக் காட்டாமல் நிற்பார். உடம்பில் முழத்துணி அளவில் ஒரு பேதிங் சூட். கரையிலே அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஓர் அரச மரத்தையும் வேப்ப மரத்தையும் நூற்றெட்டு முறை சுற்றிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் போகும்வரை இவர் கரையேற முடியாது. நான் துவாலையும் கேஸ் கட்டுமாகச் சுவர் மறைவில் காத்திருப்பேன். ஊரிலிருக்கும் உங்களுக்கும், மலாயாவில் உத்தியோகம் பார்க்கும் நம்மவருக்கும் இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கூத்துக்குக் காரணம் வேறு யாருமல்ல, நான்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து இவரிடம் குமாஸ்தாவாக வந்தபோது, மூன்று வருஷத்தில் திரும்பிவிடுவேன் என்று மனைவி தெய்வானையிடம் சொல்லிவிட்டு வந்தேன். மேற்கு மாம்பலத்தில் நாலு பேரோடு ஓர் அறையில் படுத்துக் கிடந்தேன். மகள் பிறந்ததைக் கடிதத்தில்தான் படித்தேன். அவளுக்குப் பல் முளைத்ததையும் அப்படியேதான். ஐயா அந்த வருஷம்தான் குளத்தைக் கட்டி முடித்திருந்தார். நம் ஊரில் கிணறு வெட்டினால் அடுத்த வேலை பக்கத்தில் வாழையும் கமுகும் வைப்பது. இவரோ லண்டனில் பார்த்தது பார்த்தபடி கட்டிவிட்டார். லண்டனில் நிழலுக்கு யார் அழுதார்கள்? மயிலாப்பூர்ச் சித்திரை வெயிலில் பதினொரு மணிக்கெல்லாம் அந்தத் தண்ணீர் ரசமாகிவிடும். ஐயாவுக்கு ஓய்வு கிடைப்பதோ ஞாயிறு பகலில்தான். இரும்பில் கூரை போட ஓர் ஆங்கிலக் கம்பெனியைக் கேட்டதற்கு, அவர்கள் இன்னொரு மோட்டார் வாங்குகிற விலையைச் சொன்னார்கள். ஐயா என்னைக் கூப்பிட்டார். "கந்தையா, செலவு அதிகமில்லாம நிழலுக்கு ஒரு வழி பாருங்க. மோட்டார் ஷெட் மேல இருக்கிற ரூம் உங்களுக்கு. சம்சாரத்தையும் குழந்தையையும் கூட்டிக்கிட்டு வந்துடுங்க" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நாம் கிடுகு என்பதை இங்கே கீற்று என்கிறார்கள். அதைவிட மலிவான நிழல் உலகத்தில் கிடையாது. பந்தல் போடும் முனுசாமியைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தேன். குளத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நீளம் அகலம் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நல்லதுக்கா, கெட்டதுக்கா சாமி? அத்த மட்டும் சொல்லு."

யோசித்தேன். ஒரு கனவான் குளிப்பது கெட்ட காரியமாக எப்படி ஆகும்? நல்லதுக்குத்தான் என்றேன். மறுநாள் ஐயாவோடு கோர்ட்டுக்குப் போய்விட்டுப் பொழுது சாயும்போது திரும்பினால், வாசலில் குலை தள்ளிய வாழைமரம் இரண்டு. நிலையில் மாவிலைத் தோரணம். குளத்தங்கரையில் மஞ்சளும் குங்குமமும் பூசி, நவதானிய முடிச்சும் பூவும் கட்டி, பந்தக்கால் நிற்கிறது. இந்த ஊர்ப் பந்தல்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு இரண்டே இரண்டு: கல்யாணம், சாவு. குளிப்பதற்கென்று மூன்றாவது ஒன்று கிடையாது. நம் ஊரில் கல்யாணப் பந்தலுக்குக் கன்னிக்கால் நடுவதைக் கண்டு வளர்ந்த எனக்கும் அது உறைக்காமல் போயிற்று. ஒன்று மட்டும் சொல்லவேண்டும், நிழல் அருமையாக இருந்தது.

அந்த வீட்டில் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் கிடையாது. ஐயாவும், நாங்கள் அம்மா என்று அழைக்கும் அவர் சம்சாரமும் மட்டும்தான். ஆகவே, பாரிஸ்டர் பிள்ளை வேண்டி இரண்டாந்தாரம் கட்டப் போகிறார் என்று தெரு முடிவு செய்துவிட்டது. நாதஸ்வரக்காரர் முன்பணம் கேட்டு வந்தார். தியாகராய நகரிலிருந்து ஐயாவின் அக்கா குதிரை வண்டியில் வந்து இறங்கினார். கோபித்துக்கொள்ள வந்தார் என்று நினைத்தேன். அவர் கையில் இரண்டு ஜாதகம் இருந்தது. இப்போதாவது தம்பிக்குப் புத்தி வந்ததே என்று மகிழ்ந்தார். வெறும் குளிப்புக்குத்தான் பந்தல் என்று ஐயா தலைகீழாக நின்று வாதாடினார். ஜட்ஜுகளையே வளைத்துப் போடுகிறவரை அன்றைக்கு ஓர் ஈ காக்காய்கூட நம்பவில்லை. அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. உள்ளே பாத்திரச் சத்தம்கூட இல்லை. ஐயா என் முகத்தைப் பாராமல் சொன்னார்: "காலையில அந்தப் பந்தல் இங்க இருக்கக் கூடாது. நீங்களும்தான்." மாம்பலம் போகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன்.

விடிந்ததும் முனுசாமியை அழைத்துக்கொண்டு போய்ப் பந்தலைப் பிரிக்கச் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கண்ணாலம் நடக்காம நட்ட காலப் புடுங்கமாட்டேன் நைனா. எனக்கும் புள்ளகுட்டி கீது."

அப்போதுதான் அம்மா கொல்லைக்கு வந்தார். முகம் வீங்கியிருந்தது. ஐயாவும் அக்காவும் பின்னாலேயே வந்தார்கள். குளத்தங்கரை மதில் ஓரத்தில் ஆளுயரத்துக்குத் தானாக முளைத்த அரசங்கன்று ஒன்று நின்றது. அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கல்யாணம்தானே வேணும்? நடத்திடலாம். மாப்பிள்ளை அதோ நிக்கிறான்" என்றார்.

அரசுக்கும் வேம்புக்கும் மணமுடித்து வைப்பது உங்களுக்கும் தெரிந்த வழக்கம்தானே. அக்கா ஜாதகங்களை மடியில் சொருகிக்கொண்டார். அம்மா அடுத்து என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளைக்கு நாங்க அப்பா அம்மா. பொண்ணுக்குத் தாரை வார்க்க ஒரு தம்பதி வேணும். உங்க வீட்டுக்காரிக்குத் தந்தி அடிங்க." ஐயா வாயைத் திறந்தார். அம்மா திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அவர் ஒரு வழக்கில் தோற்றதை அன்றுதான் முதலில் கண்டேன்.

தெய்வானை இடுப்பில் மகளும் கையில் மண்ணெண்ணெய்த் தகரமுமாக எழும்பூரில் இறங்கினாள். தகரத்தில் எங்கள் வீட்டு வளவுச் செம்மண்ணோடு ஒரு வேப்பங்கன்று. தனுஷ்கோடியில் சுங்க உத்தியோகத்தர் இது என்ன என்று கேட்டாராம். கல்யாணப் பொம்பிளை என்றாளாம் இவள். அவர் தகரத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போகவிட்டாராம். சென்னையில் தெருவுக்குத் தெரு வேம்பு நிற்கிறதே, இதைச் சுமந்து வருவானேன் என்று கேட்டுவிட்டேன்.

"இஞ்சருங்கோ, பொம்பிளை வீட்டுக்காரர் எண்டு கூப்பிட்டுப்போட்டு, பொம்பிளையை ஊரில இரவல் வாங்கச் சொல்லுறியளோ?"

மகள் என்னைக் கண்டு வீரிட்டு அழுதாள். தகரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டாள். கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. நாதஸ்வரக்காரருக்கு மனம் குளிர்ந்தது. அக்கா இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தார். அன்றிலிருந்து ஐயாவுக்குக் கோர்ட்டில் நான் குமாஸ்தா, வீட்டில் சம்பந்தி.

கீற்றுப் பந்தல் இரண்டு மழைக்காலத்தில் மக்கிப் போயிற்று. மரங்கள் வளர்ந்தன. பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் சுற்றத் தொடங்கினார்கள். அம்மாவும் சுற்றினார். அவருக்குப் பிறக்கவில்லை. என் மகள் அவர் மடியில்தான் வளர்கிறாள், அவரைப் போலவே பேசுகிறாள். வடக்கே அரசு அடைத்துக்கொண்டதால் வேம்பு தெற்கே சாய்ந்து, அதன் நிழல் முழுவதும் மோட்டார் ஷெட் மேலிருக்கும் எங்கள் அறைக் கூரைமேல் விழுகிறது. குளத்தில் பழையபடி வெயில்; அதனால்தான் ஐயாவின் குளிப்பு காலை ஏழு மணிக்கு. செலவில்லாத நிழல் கடைசியில் குமாஸ்தாவுக்குத்தான் கிடைத்தது. போன மாதம் ஐயா கிளையை வெட்ட ஆள் கொண்டுவந்தார். மருமகள்மேல் கத்தி படக்கூடாது என்று அம்மா திருப்பி அனுப்பிவிட்டார். மரம் வெளிச்சத்தைத் தேடுகிறது என்கிறான் தோட்டக்காரன். அது ஊர்ப்பக்கம் பார்க்கிறது என்கிறாள் தெய்வானை.

மூன்று வருஷம் ஒன்பது ஆகிவிட்டது. வருகிற தைக்கு ஊருக்கு வரலாமென்று இருக்கிறோம். மாமியார் எழுதியிருக்கிறார்: கன்றைக் கிண்டி எடுத்த குழி இன்னும் அப்படியே கிடக்கிறதாம், வரும்போது அந்த மண்ணைக் கொண்டுவந்து மூட வேண்டுமாம். நேற்று மத்தியானம் தெய்வானை ஒரு தகரத்தை எடுத்துக்கொண்டு போய் வேம்படியில் தோண்டினாள். ஒரு பிடி அள்ளினாள். உள்ளங்கையில் பரப்பினாள். இன்னொரு பிடி அள்ளிப் பார்த்தாள். மயிலாப்பூர் மணலும் எங்கள் செம்மண்ணும் ஒன்றாகிக் கிடந்தன.

"எது எங்கட மண் எண்டு தெரியேல்லையப்பா" என்றாள்.

நானும் குனிந்து பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. அள்ளியதை மரத்தடியிலேயே போட்டு மிதித்துவிட்டு, வெறுந் தகரத்தோடு இருவரும் அந்த நிழலில் உட்கார்ந்திருந்தோம்.