அன்டன் வீட்டு வாசலில் வாசிக்காத பாட்டு

நான் பொய் சொன்னேன். இறந்துபோன ஒரு பெண்ணின் பெயரை வைத்துப் பொய் சொன்னேன். அந்தப் பொய்க்காக அவளுடைய கணவன் இன்றுவரை என்னை வாழ்த்திக்கொண்டிருக்கிறான்!

எங்களை உங்களுக்குத் தெரிந்திருக்காது. கொட்டாஞ்சேனையில் பித்தளை வாத்தியம் ஊதும் ஐந்து பேர். ஒருவருக்கும் அது தொழில் இல்லை. நான் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க், ட்ரம்பெட் ஊதுவேன். என் நண்பன் அன்டனுக்குத் துறைமுகத்தில் வேலை, கையில் ட்ரொம்போன்.

நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, முதல் நாள் பின்னேரம் ஒழுங்கைகளுக்குள், சந்து சந்தாக, இறங்குவோம். கேட்ட பாட்டை வாசிப்போம், தெரியாவிட்டாலும் வாசிப்போம்! தையல்கடை முஸ்லிம் நானா வருடாவருடம் பழைய சினிமாப் பாட்டுத்தான் கேட்பார். பக்கத்துச் சிங்கள வீட்டு அம்மா, "தவ எகக், மல்லி" என்று இன்னொன்றும் வாசிக்கவைத்துவிட்டுத்தான் கேக் தட்டை நீட்டுவார். ஐயோ, அந்த அபசுரங்கள்... இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

ஒரு வழக்கம் மட்டும் தவறியதே இல்லை. அந்த வருடம் சாவு விழுந்த வீட்டில் நட்சத்திர விளக்குத் தொங்காது. அந்த வாசலில் நாங்கள் சந்தோஷப் பாட்டு வாசிக்கமாட்டோம். வெளியே நின்று, மெதுவான பாட்டு ஒன்றை ஒரே ஒரு தரம் வாசித்துவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் நகர்வோம். உள்ளே இருப்பவர்கள் கதவைப் பாதி திறந்துவைத்துக் கேட்பார்கள். இதைத் தொடங்கிவைத்தவன் அன்டன்தான். "அவங்களுக்கும் நத்தார்தானே மச்சான்" என்பான்.

ஒரு செப்டெம்பரில் அன்டனின் மனைவி மெட்டில்டா இறந்துபோனாள்.

அதே வருடம்தான் ஒரு பெரிய கடைத்தொகுதியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. நத்தாருக்கு முதல் நாள், அதே பின்னேரம். மேடை, மைக், சிவப்புத் தொப்பி, நல்ல சம்பளம். நான் மறுத்திருக்கலாம்... ஏன் மறுக்கவில்லை? முப்பது வருடம் வாசல்களுக்கு வெளியே நின்று ஊதியவனுக்கு ஒரு மேடை வேண்டியிருந்தது. வேறு காரணம் தேடாதீர்கள், நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லத்தான் அன்டன் வீட்டுக்குப் போனேன். சுவரில் மெட்டில்டாவின் படம் இருந்தது.

"எத்தனை மணிக்கு மச்சான் இங்கால வருவீங்க? நான் கதவைத் திறந்து வைக்கிறன்" என்றான்.

"இந்த முறை நாங்க இறங்கப் போறதில்ல, அன்டன். மெட்டில்டா இல்லாம ஊத ஒருத்தருக்கும் மனமில்ல."

என் வாயா அதைச் சொன்னது? அன்டன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான். "அவளுக்காகவா மச்சான்? அவளுக்காகவா?"

நான் தலையாட்டினேன். மற்ற மூவரிடமும், "அன்டனுக்கு எல்லாம் தெரியும், போகச் சொன்னான்" என்று இன்னொரு பொய்யையும் சொன்னேன்.

கடைத்தொகுதியில் நான்கு பாட்டுகள், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். மணிக்கூட்டோடு நின்ற ஒரு பிள்ளை, "அங்கிள், அடுத்தது!" என்று விரலைக் காட்டினாள். ஒரு கிழவர் கிட்ட வந்து ஏதோ பாட்டுக் கேட்டார். லிஸ்டில் இல்லை என்று அவரை அனுப்பிவிட்டார்கள். அதே நான்கையும் மறுபடி ஊதினோம். சனம் கைதட்டியது... எனக்குப் பிடித்திருந்தது! அதையும் உங்களிடம் மறைக்கமாட்டேன்.

ஆனால் ஆறு மணிக்கு என் மூச்சு தடுமாறியது. வழக்கமாக அந்த நேரம் நாங்கள் அன்டனின் ஒழுங்கையில் இருப்போம். எத்தனை துக்க வீடுகளுக்கு ஊதியவன் அவன்! அவன் வீட்டு வாசலில் நின்று ஊத அன்று ஒருவரும் இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்தேன். தை மாதமே அன்டனின் மகள் அவனை வெள்ளவத்தைக்குத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டாள். பிறகு நத்தாருக்கு ஊத இறங்குகிறோமா என்று அவன் கேட்டபோதெல்லாம், "மூச்சுப் போதாது மச்சான், விட்டுட்டம்" என்றேன். கடைத்தொகுதியில் வருடாவருடம் ஊத மட்டும் எப்படிப் போதுகிறதாம்? ஒழுங்கைகளுக்குள் நாங்கள் அதன்பின் இறங்கவேயில்லை.

போன மாதம் அவனைப் பார்க்கப் போனேன். சுகமில்லாமல் கட்டிலில் சாய்ந்திருந்தான். மகளிடம் என்னைக் காட்டி, "அம்மாவுக்காக ஒரு நத்தாருக்கு ஊதாம இருந்தவன் இவன்தான் பிள்ள. என்ர ஆயுசில ஒருத்தரும் எனக்கு இப்பிடிச் செய்யேல்ல" என்றான்.

பிறகு என் பக்கம் திரும்பினான்.

"மச்சான், நான் செத்துப்போற வருசமும் அப்பிடியே செய். வந்து வாசிக்க வேணாம். நத்தார் அண்டைக்கு ஊதாமச் சும்மா இருந்தாக் காணும், அது போதும் எனக்கு."

சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? இந்த டிசம்பருக்கும் கடைத்தொகுதிக்காரருக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று...

"ஓம் மச்சான்" என்றேன். அவன் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான்.