அகழியில் யாரும் குதிக்கவில்லை

"கட்டிக் கொடுத்தாங்களா? யாரு கட்டிக் கொடுத்தா?" என்று கேட்டபடியே நியாகுத்தீ உருளைக்கிழங்கைத் தகர டப்பாவில் அளக்கிறாள். வாங்க வந்தவர் பேச்சுக்குத்தான் சொன்னார், வெள்ளைக்காரன் கட்டிக் கொடுத்த ரோடு இன்னும் அசையாமல் கிடக்கிறது என்று. "இந்த ரோட்டுக்கு எங்கப்பா கல்லு உடைச்சாரு. அவன் தொப்பி போட்டுக்கிட்டு பக்கத்துல நின்னான். நின்னதைப் போயி கட்டினதுங்கறீங்களே." சொல்லிவிட்டு, நிறைந்த டப்பாவின் மேல் இன்னும் இரண்டு கிழங்கு வைத்துக் கொடுக்கிறாள். அவளுக்குக் கோபம் ஆளின்மேல் இல்லை. அவர் பயன்படுத்திய வினைச்சொல்லின்மேல்.

நைரோபிக்கு வடக்கே, கராட்டினா சந்தையில் அவளுக்கு இருபது வருட இடம். வயது நாற்பத்தாறு. வெயிலிலும் ரப்பர் பூட்ஸைக் கழற்ற மாட்டாள். மதியம், சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த கிதேரியை நின்றுகொண்டேதான் தின்பாள். படிக்கத் தெரியாது. ஆனால் மகள் முகாமியின் சரித்திரப் பாடத்தை ஒரு வரி விடாமல் வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். அந்தப் பெண் என் வகுப்பு மாணவி. ஒருநாள் அவள் புத்தகத்தைப் புரட்டினேன். 'மக்கள் புதிய கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர்' என்ற வரியில் கடைசிச் சொல் பென்சிலால் அடிக்கப்பட்டு, மேலே 'அடைக்கப்பட்டனர்' என்று இருந்தது. அம்மா சொல்லி எழுதியதாம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் கிறுக்கினால் நான் தண்டனை கொடுப்பது வழக்கம். அன்று பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

போன வருடம் எங்கள் மலைச்சரிவுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு சினிமாக் குழு வந்தது. வெள்ளைக்காரனை எதிர்த்த எங்கள் போராட்டத்தைப் பற்றிய படம். ஊரே பூரித்துப் போயிற்று. எனக்கு அவர்கள் மொழி தெரியும் என்பதால் இயக்குநருக்கும் ஊர்ப் பெண்களுக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கும் வேலை கிடைத்தது. நாற்பது பெண்களை அகழி தோண்டும் காட்சிக்கு எடுத்தார்கள். அதில் நியாகுத்தீயும் ஒருத்தி.

அந்த அகழியை அவள் ஏற்கெனவே ஒரு தடவை தோண்டியிருக்கிறாள், பதினாலு வயதில். காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட எங்கள் ஆட்களுக்கு ஊரிலிருந்து ஒரு பிடி சோறுகூடப் போகக் கூடாது என்று, வெள்ளைக்காரர்கள் பெண்களை அடித்து ஓட்டி வந்து, ஊரைச் சுற்றித் தோண்ட வைத்தார்கள். அடியில் கூர்சீவிய மூங்கில் நட வைத்தார்கள். ஒரு சாயங்காலம் கரை சரிந்து அவளுடைய அக்கா கதோனியை மூடியது. தங்கை வெறும் கையால் மண்ணைப் பறிக்க, மேலே நின்ற அதிகாரி நேரமாகிறது, வேலை நடக்கட்டும் என்றான். மறுநாள்தான் உடலை எடுக்க விட்டார்கள்.

படத்திலும் கரை சரிகிறது. ஆனால் நீலக்கண் இளம் அதிகாரி ஒருவன் தொப்பியை வீசிவிட்டு உள்ளே குதித்து, மண்ணுக்குள்ளிருந்து ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு நிற்பான். தோண்டுகிறவர்கள் எல்லாரும் கண் கலங்க அவனைப் பார்க்க வேண்டும். நான் இதைச் சொல்ல, நடிகன் ஒருதரம் குதித்தும் காட்டினான். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குதிச்சவன் கால்சட்டை மடிப்புக் கலையலையே," என்றாள் அந்த நாற்பது பேரில் ஒருத்தி, வகோன்யோ. "சலவைக்காரனையும் கூடவே இறக்கிட்டாங்க போல."

எல்லாரும் சிரித்தார்கள். நியாகுத்தீ சிரிக்கவில்லை. என்னிடம் வந்து நின்று, கதோனியின் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். "இதை அந்தாளுகிட்ட சொல்லுங்க வாத்தியாரே."

நான் இயக்குநரிடம் போய், "அந்தக் காலத்தில் இப்படி நடக்கவில்லை என்கிறாள்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுக் கேமரா பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னது நீளம். உங்க வாயில இருந்து வந்தது இத்துனூண்டா இருந்துச்சே," என்றாள் அவள்.

புத்தகத்தில் அந்த வரியை அச்சடித்தவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? திரும்பிப் போனேன். இந்த முறை ஒரு சொல் விடாமல் சொன்னேன், மூங்கிலையும், மறுநாள் எடுத்த உடலையும் சேர்த்து. இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். வருத்தமாக இருக்கிறது என்றார். பிறகு, வெளிநாட்டில் பார்ப்பவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நல்லவன் வேண்டும், இல்லாவிட்டால் படத்தை யாரும் தொட மாட்டார்கள் என்றார். அதையும் அப்படியே அவளிடம் சொன்னேன்.

"நல்லவங்க வேணுமா? எங்கக்காவைக் காட்டச் சொல்லுங்க. எனக்குக் காய்ச்சல்னு ஏழு நாள் என் பங்கு மண்ணையும் சேத்துச் சுமந்தா. அவ போதாதாமா அவருக்கு?"

அதையும் அவரிடம் சொன்னேன். வெளிச்சம் போகிறது, எல்லாரும் இடத்துக்குப் போங்கள் என்றார். காட்சி தொடங்கியது. அதிகாரி குதித்தான், பெண்ணைத் தூக்கினான். நியாகுத்தீ அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோண்டினாள். நிறுத்தி, மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் முதுகு. மூன்றாம் தடவை வகோன்யோவும் திரும்பிக்கொண்டாள். ஐந்தாம் தடவை நாற்பது முதுகுகள். அதிகாரியைத் திரும்பிப் பார்க்கும்படி நான் அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டுமாம்.

"சொல்லுங்க வாத்தியாரே, கேக்கறோம்," என்றாள் நியாகுத்தீ, மண்வெட்டியை நிறுத்தாமல்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. வெளிச்சம் போய்விட்டது. கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

போன மாதம் படத்தைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார்கள். ஞாயிறு பிற்பகல், தேவாலயக் கூடத்தில், ஜன்னல்களைக் கம்பளியால் மூடி, புகையேறிய கருங்கல் சுவரின் முன்னால் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். முன் நாற்காலிகளில் நைரோபியிலிருந்து வந்த பெரிய மனிதர்கள். அந்தக் காட்சி வந்தது. துணியின் வலப்பக்கம் அதிகாரி அந்தப் பெண்ணைக் கைகளில் ஏந்தி நிற்கிறான், இசை பொங்குகிறது. இடப்பக்கம் எங்கள் பெண்கள், முதுகைக் காட்டிக்கொண்டு. முன்வரிசை கைதட்டியது.

நியாகுத்தீ எழுந்தாள். பெஞ்சுகளுக்கு நடுவே நிதானமாக நடந்து முன்னால் போனாள். "உக்காரும்மா, மறைக்குது," என்று யாரோ சொன்னார்கள். அவள் துணியின் வலது மூலை முடிச்சை அவிழ்த்து, நடுவரை கொண்டுவந்து மடித்துப் பிடித்துக்கொண்டாள். அதிகாரியின் உருவம் துணிக்குப் பின்னாலிருந்த கருங்கல் சுவரில் விழுந்து அடையாளம் தெரியாமல் போயிற்று. மிச்சத் துணியில் பெண்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். காட்சி முடியும்வரை கை தளராமல் நின்றாள். முடிந்ததும் துணியை இழுத்து, பழையபடி சுருக்கமில்லாமல் கட்டிவிட்டு, வந்து உட்கார்ந்தாள்.