அண்ணன் வாங்கி வராத மாத்திரை

பிரியமானவர்களே, 1986 கோடையில் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் கசந்தது.

என் மனைவி மேரிக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. மெட்ராஸில் ஆபரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி. போட்ட கையோடு ரயிலேறி மொரப்பூர் திரும்புவோம். ஜோலார்பேட்டை வருவதற்குள் வாந்தி தொடங்கிவிடும். வீட்டிலும் நிற்காது. குடலே வெளியே வந்துவிடும்போல எக்கி எக்கி எடுப்பாள். வாயெல்லாம் புண். கஞ்சி இறங்காது. தையல் மெஷினை மூடிவிட்டு அவள் தலையைத் தாங்கிக்கொண்டு கிடப்பேன். வெயில் வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது.

வாந்தியை அடக்கவும் வாய்ப்புண்ணுக்கும் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதித் தருவார்கள். ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் அங்கே கடை தேட முடியாது, மருந்தை ஊரில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். மொரப்பூரில் அது கிடைக்காது. தருமபுரியில் காதர் பாய் கடையில்தான் கிடைக்கும். மேரியை விட்டு நான் எப்படிப் போவேன்? எங்கள் ஜெபக்கூட்டத்தின் மூப்பர் தினமும் தருமபுரிக்கு வேலைக்குப் போகிறவர். கூடப் பிறக்காத அண்ணன் எனக்கு. "நீ மேரியப் பாத்துக்க தம்பி. மாத்திர என் பொறுப்பு" என்றார்.

முதல் தடவை வாங்கி வந்தார். மேரி ரசஞ்சோறு சாப்பிட்டாள்.

அடுத்த தடவை வெறுங்கையோடு வந்தார். "கடையில ஸ்டாக் இல்லப்பா." அதற்கடுத்த தடவையும் அதே பேச்சு. அவள் தலையில் கைவைத்து, கண்ணீர் வடிய ஜெபித்துவிட்டுப் போனார். அந்தக் கண்ணீரை நான் நம்பினேன்.

மேரி சொல்லிவிட்டாள்: "இனிமே ஊசிக்கு வரமாட்டேங்க. கட்டி கொன்னா கொல்லட்டும். இந்த வாந்தி என்னால ஆவாது."

பாதியில் விட்டால் நோய் திரும்பும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அன்று நான் முழங்காலிடவில்லை. கிணற்றடியில் நின்று கர்த்தரோடு சண்டை போட்டேன். 'சுகம் கேட்கவில்லை. ஒரு மாத்திரை கேட்கிறேன். அதுவும் உம்மிடம் ஸ்டாக் இல்லையா?' இதுதான் என் ஜெபம். வேறு சொல் வரவில்லை.

காலையில் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாளைத் துணைக்கு வைத்துவிட்டு, சேலம் வரைக்கும் போயாவது தேடுவோம் என்று கிளம்பினேன். முதலில் காதர் பாய் கடை. சீட்டைப் பார்த்ததும் அவர், "இந்த மாத்திரைங்களா? உங்களுக்குன்னு எடுத்து வெச்சிட்டு நானும் பாத்துக்கினே இருக்கேன். மொதோ தடவைக்கப்புறம் உங்க மூப்பரு வரவே இல்லீங்களே! வூட்ல அம்மாவுக்கு நல்லாயிடுச்சின்னு நெனச்சேன்" என்றார்.

மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே மூப்பர் வீட்டுக்குப் போனேன். அவர் மறுக்கவில்லை. உபவாசத்தில் உதடு வெடித்திருந்தது. "மாத்திர இருந்தா மாத்திரய நம்புவீங்க தம்பி. கர்த்தர மட்டும் நம்பட்டும்னுதான் வாங்கல. அவ சாப்புடாத நாளெல்லாம் நானுந்தான் சாப்புடல."

"வாந்தி எடுத்தது அவதானே அண்ணா? நீங்க எடுத்தீங்களா?"

அவர் பசி பொய்யில்லை. அதுதான் என்னை இன்னும் அறுக்கிறது. திருடன் அந்த மாத்திரையைப் பறித்திருந்தால் தெருவில் நின்று கத்தியிருப்பேன். முழங்காலிட்டுக்கொண்டே பறித்தவரை என்ன சொல்லிக் கத்துவது?

வீட்டுக்கு வந்து மேரியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "அவரு பட்டினி கெடந்தா என் வயிறு நெறையுமா?" என்றாள். மாத்திரையை விழுங்கினாள். இரண்டு நாளில் கஞ்சி தங்கியது. "ஒரே ஒரு தடவ வரேன்" என்றாள்.

மெட்ராஸில் ஊசி முடிந்து நர்ஸ் நீட்டிய சீட்டை அவள் வாங்கவில்லை.

"சீட்டு வாணாம் சிஸ்டர். மாத்திரய கையில குடுங்க. எங்க ஊருக்கும் மருந்துக்கும் நடுவுல மனுசங்க இருக்காங்க."

"எல்லாருக்கும் சீட்டுதாம்மா."

"அப்ப இங்கயே இருந்து வாந்தி எடுக்கறேன். தொடைக்கறது நீங்கதான்."

நர்ஸ் சிரித்துவிட்டார். பெஞ்சில் இருந்த வெளியூர்க்காரர்கள் ஒவ்வொருவராக, "எங்க ஊர்லயும் கெடைக்கல சிஸ்டர்" என்றார்கள். டாக்டர் வந்து நின்று கேட்டார். ரயிலுக்கு நேரமாகும் முன்பே பொட்டலம் வந்தது: மாத்திரை, வாய்ப்புண் மருந்து, முதல் மாத்திரையை வண்டி ஏறுமுன் விழுங்கும்படி ஒரு சொல். அடுத்த முறை போனபோது ஊர் திரும்புகிற எல்லார் கையிலும் பொட்டலம் இருந்தது. என் சண்டைக்குக் கர்த்தர் தந்த பதில் மேரியின் வாயிலிருந்து வந்தது. ஸ்தோத்திரம்.

ஊசிகள் எல்லாம் முடிந்தன. மேரி உயிரோடிருக்கிறாள், நான் தைக்கிற சட்டைகளுக்குக் காஜா எடுக்கிறாள்.

மூப்பர் இன்றும் முன்வரிசையில்தான் உட்காருகிறார். மேரி அவருக்குத் தேநீர் தருகிறாள். மன்னித்தாயிற்று என்று இங்கே எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. அதற்காகவும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

நம்புங்கள், கர்த்தர் கேட்கிறவர். சண்டை போட்டாலும் கேட்கிறவர். உங்கள் வீட்டில் யாராவது இந்த ஊசி போட்டு வந்திருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள். நானும் மேரியும் ஜெபிக்க வருகிறோம். வாசலிலேயே, மாத்திரை வந்துவிட்டதா என்று கேட்போம். கோபித்துக்கொள்ளாதீர்கள். வரவில்லை என்றால் நானே போய் வாங்கி வருவேன். அதுவரை மேரி உங்களோடு ஜெபித்துக்கொண்டிருப்பாள்.